லெம்மிங்குகளைத் தள்ளிவிட்டது யார்?

பிள்ளைகள் பார்க்க நல்ல படம் எது என்று தேடும்போது, விலங்குகளைப் பற்றிய படம் என்றால் நாம் அதிகம் யோசிப்பதில்லை. ஆபாசம் இருக்காது, அடிதடி இருக்காது. போட்டுக் கொடுத்துவிட்டு நம் வேலையைப் பார்க்கப் போய்விடலாம். அந்த நம்பிக்கையை உலகம் முழுவதும் சம்பாதித்து வைத்திருந்த நிறுவனம் டிஸ்னி.

அது சும்மா கிடைத்த பெயரும் அல்ல. 1941இல் வந்த 'டம்போ'வில், குட்டியைக் கேலி செய்தவர்கள்மீது கோபப்பட்ட தாய் யானையைச் சங்கிலியில் பூட்டி அடைத்துவிடுவார்கள். மறு ஆண்டு வந்த 'பேம்பி'யில் தாய் மான் வேட்டைக்காரரின் குண்டுக்குப் பலியாகும். எத்தனை தலைமுறைப் பிள்ளைகள் அந்த இடத்தில் அழுதிருக்கிறார்கள்! இரண்டுமே கையால் வரைந்த படங்கள். அந்த யானையும் மானும் காகிதத்தில் மட்டுமே துன்பப்பட்டன.

அதே நிறுவனம் உண்மையான விலங்குகளை வைத்து எடுத்த படம் 1958இல் வெளிவந்த 'ஒயிட் வில்டர்னஸ்'. இயற்கையை உள்ளபடியே காட்டுகிறோம் என்று சொல்லி எடுக்கப்பட்ட வரிசையில் அதுவும் ஒன்று. சிறந்த ஆவணப்படத்துக்கான ஆஸ்கர் விருதும் பெற்றது.

அதில் ஒரு காட்சி. துருவப் பகுதியில் வாழும் லெம்மிங் என்ற, எலி இனத்தைச் சேர்ந்த சிறு பிராணிகள் கூட்டமாக ஓடிவருகின்றன. செங்குத்தான மேட்டின் விளிம்புவரை வந்து, ஒவ்வொன்றாகக் கீழே விழுகின்றன. தண்ணீரில் தத்தளித்துச் சாகின்றன. ஏதோ ஒரு வேகம் அவற்றைப் பிடித்து ஆட்டுகிறது என்பதுபோல் பின்னணிக் குரல் விளக்குகிறது. பார்த்தவர்கள் நம்பினார்கள். படம்பிடித்துக் காட்டியபிறகு யார் சந்தேகப்படுவார்கள்?

24 ஆண்டுகள் கழித்து, 1982இல், கனடாவின் சிபிசி தொலைக்காட்சி உண்மையை வெளிக்கொண்டு வந்தது. காட்சி எடுக்கப்பட்ட இடம் கனடாவின் ஆல்பர்ட்டா மாநிலம். வரைபடத்தை எடுத்துப் பாருங்கள், அங்கே கடலே கிடையாது! படம்பிடித்த பகுதி லெம்மிங் வாழும் இடமும் அல்ல. மனிடோபா மாநிலத்தில் இன்யூட் இனத்துச் சிறுவர்கள் பிடித்துக் கொடுத்தவற்றை விலைக்கு வாங்கி அங்கே கொண்டு வந்திருந்தார்கள். மொத்தமே சில டஜன்தான். சுழலும் மேடைமீது பனியைப் பரப்பி அவற்றை ஓடவிட்டு, பல கோணங்களில் எடுத்து, பெருங்கூட்டம்போல் காட்டினார்கள். பிறகு மேட்டிலிருந்து ஆற்றுக்குள் தள்ளிவிட்டார்கள். படத்தில் கடலாகத் தெரிந்தது அந்த ஆறு.

உண்மையில் லெம்மிங் தற்கொலை செய்துகொள்வதில்லை. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அவற்றின் எண்ணிக்கை மிக வேகமாகப் பெருகும். உணவும் இடமும் போதாமல் போகும்போது வேறு இடம் தேடிப் புறப்படும். வழியில் ஆறோ ஏரியோ குறுக்கிட்டால் நீந்திக் கடக்கும், நீந்தத் தெரிந்த பிராணிதான். அகலம் அதிகமாக இருந்தால் சில மூழ்கிவிடும். பிழைப்புத் தேடிப் போகிற வழியில் நேரும் சாவு அது. கூட்டத் தற்கொலை என்ற கதை டிஸ்னிக்கு முன்பே உலவியதுதான். அதற்குக் கண்ணால் கண்ட சாட்சிபோல ஒன்றைத் தயாரித்துக் கொடுத்தது இந்தப் படம்.

விலங்குகளின் நலம் பற்றி அந்தக் காலத்தில் யாரும் பேசவில்லை என்று சமாதானம் சொல்லவும் வழியில்லை. 1939இல் 'ஜெஸ்ஸி ஜேம்ஸ்' படத்துக்காக ஒரு குதிரையை உயரமான பாறையிலிருந்து ஏரியில் விழவைத்தார்கள், அது செத்தது. மக்கள் கொதித்தெழுந்தார்கள். அடுத்த ஆண்டே ஹாலிவுட் படப்பிடிப்புகளைக் கண்காணிக்கும் பொறுப்பு அமெரிக்க ஹியூமேன் அமைப்புக்குக் கிடைத்தது. அதற்கும் பல ஆண்டுகளுக்குப் பிறகுதான் லெம்மிங்குகள் தள்ளிவிடப்பட்டன. குதிரை விழுந்தபோது அது மனிதன் செய்த கொடுமை என்று பார்த்தவர்களுக்குத் தெரிந்தது. இங்கே பழியையும் அந்தப் பிராணிகள்மீதே போட்டுவிட்டார்கள்.

அந்தப் பழி இன்னும் நீங்கவில்லை. யோசிக்காமல் கூட்டத்தோடு போய் அழிகிறவர்களை ஆங்கிலத்தில் இன்றும் 'லெம்மிங்' என்றுதான் சொல்கிறார்கள். 1991இல் அந்தப் பெயரிலேயே ஒரு கணினி விளையாட்டும் வந்தது. அதில் கண்மூடித்தனமாக நடந்துபோய்ச் சாகும் லெம்மிங்குகளைப் பிள்ளைகள் காப்பாற்ற வேண்டும்.