கடற்பூஞ்சை தந்த மருந்து

மழைக்காலத்தில் ஊறுகாய் ஜாடியில் பூஞ்சணம் பூத்தால் நாம் முகம் சுளிக்கிறோம். அந்த இனம் கடலிலும் வாழ்கிறது. 1945ஆம் ஆண்டில் இத்தாலியின் சார்டினியாத் தீவில், சாக்கடை கடலில் கலக்கும் இடத்திலிருந்து (ஆம், சாக்கடையேதான்!) ஜூசெப்பே புரோட்சு என்னும் மருத்துவ அறிஞர் எடுத்த பூஞ்சையே, இன்று நமக்கு டாக்டர்கள் எழுதித் தரும் செஃபலோஸ்போரின் மருந்துகளுக்கு மூலம்.

புற்றுநோய்க்கும் அவ்வாறே கடற்பூஞ்சைகளில் மருந்து தேடுகின்றனர். கலிபோர்னியாவில் ஸ்கிரிப்ஸ் கடலாய்வு நிலையத்தைச் சேர்ந்த வில்லியம் ஃபெனிக்கல் குழுவினர், ஹாலிமீடா என்ற பாசியோடு வாழும் ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சை ஒன்றை வளர்த்தனர். ஹாலிமீடா, பச்சைக் காசுகளைக் கோத்து வைத்தாற்போல் இருக்கும். அப்பூஞ்சையில் கிடைத்த பொருளுக்கு ஹாலிமைடு என்று பெயரிட்டனர்.

இது என்ன செய்கிறது? ஓர் உயிரணு இரண்டாகப் பிரியும்போது, ட்யூபுலின் என்ற புரதத்தாலான நுண்குழல்கள் குரோமோசோம்களைக் கயிறு கட்டி இழுப்பதுபோல இரு பக்கமும் இழுக்கின்றன. ஹாலிமைடு ட்யூபுலினைப் பற்றிக்கொள்வதால் குழல்கள் உருவாவதில்லை. பிரிய முடியாமல் உயிரணு மடிகிறது. நம் செங்காந்தளில் உள்ள கோல்ச்சிசின் என்னும் நஞ்சும் ட்யூபுலினில் அதே இடத்தைத்தான் பற்றுகிறது என்று அறிந்து வியந்தோம்.

ஆனால் கண்டெடுத்த பொருள் அப்படியே மருந்தாகிவிடாது. வேதியியலார் அதன் அமைப்பைச் சற்று மாற்றி, பிளினாபுலின் என்ற பொருளை ஆய்வுக்கூடத்திலேயே செய்தனர். புற்றுநோய் மருந்துகளால் வெள்ளணுக்கள் குறைவதைத் தடுக்க இதைப் பயன்படுத்த அனுமதி கேட்டபோது, 2021 இறுதியில் அமெரிக்க அரசின் மருந்துத் துறை மறுத்து, இன்னொரு சோதனை வேண்டும் என்றது.

நுரையீரல் புற்றுநோயாளிகள் 559 பேரிடம் நடந்த சோதனையின் முடிவு 2024இல் வெளியாயிற்று. டோசிடாக்செல் மருந்து மட்டும் பெற்றவர்களின் வாழ்நாள் இடைநிலை 9.4 மாதம், பிளினாபுலினும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு 10.5 மாதம். "இத்தனை பாடுபட்டு ஒரு மாதந்தானா?" என்று எங்களுக்குள் ஏமாற்றமாக இருந்தது. பிறகு அடுத்த கணக்கைப் பார்த்தோம். இரண்டாண்டு கழித்து உயிரோடிருந்தவர்கள் முதல் பிரிவில் நூற்றுக்கு ஏறத்தாழ 12 பேர், இரண்டாம் பிரிவில் 22 பேர். கூடுதலான அந்தப் பத்துப் பேருக்கும் வீடும் பிள்ளைகளும் இருந்திருக்குமே என்று எங்களில் ஒருத்தி சொன்னாள்.