பிள்ளையின் காசும் கடைக் காசும்

வியாபாரிகளான நாம் பிள்ளை பிறந்ததும் அதன் பெயரில் காசு சேர்க்கத் தொடங்குகிறோம். பெருநாள் சீசன் வந்ததும் சரக்கெடுக்க அதே காசில் கை வைக்கிறோம். நானும் வைத்தவன்தான். மகளுக்கென்று இருந்ததைப் புடவைச் சரக்கில் போட்டேன். திருப்பி வைக்க மூன்று வருடங்கள் சென்றன. அதற்குள் அவளது படிப்புச் செலவு வந்துவிட்டது.

ஆகவே முதல் வேலை, பிள்ளையின் காசைக் கடைக் காசிலிருந்து பிரிப்பது. கடை திறக்கும் நாளெல்லாம் 100 ரூபா ஒதுக்கினால், 26 நாட்களுக்கு 2,600 ரூபா. 18 வருடங்களில் 561,600 ரூபா.

இரண்டாவது, எல்லாவற்றையும் ரூபாவாக வைக்க வேண்டாம். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவளவில் இருந்த டொலர், மே மாதம் 360 ரூபாவளவுக்கு ஏறியது. உண்டியல் காசு அப்படியே இருந்தது. அதற்குக் கிடைக்கும் சாமான்தான் குறைந்தது. தங்கமோ டொலரோடு சேர்ந்து ஏறியது. ஆனால் நகையாக வாங்கினால் செய்கூலி திரும்பி வராது. பவுண் காசாக வாங்குவதே மேல்.

மூன்றாவது, வட்டியைத் தவிர்ப்போருக்கும் வழியுண்டு. 2011ல் அமானா வங்கி முழுமையான இஸ்லாமிய வங்கியாகத் தொடங்கியது. முழாறபா கணக்கில் இலாபத்தைப் பங்கிடும் விகிதமே முன்கூட்டிப் பேசப்படும், தொகை அல்ல. ஷாபிஈ மத்ஹபின்படி, பிள்ளையின் பணம் நிஸாபை அடைந்து வருடம் பூர்த்தியானால் அதற்கும் ஸகாத் உண்டு. கொடுக்கும் பொறுப்பு வாப்பாவுக்கு.

அவசரத்துக்கு அந்தக் காசை எடுக்கத்தான் வேண்டுமா? கடன் கொப்பியில் பிள்ளையின் பெயரையும் எழுதி, திருப்பிக் கொடுக்கும் திகதியையும் போடுங்கள்.