சிறகில் கொடி கட்டிய பறவை!

மாலை மங்கும் நேரம். புல்வெளிக்கு மேலே ஒரு பறவை பறக்கிறது. பின்னாலேயே இரண்டு குட்டிப் பறவைகள் துரத்திக்கொண்டு வருகின்றன. அது திரும்பினால், இவையும் திரும்புகின்றன. உற்றுப் பார்த்தால்... அட, துரத்துவது பறவைகளே அல்ல. அதன் சொந்த இறகுகள்!

குட்டீஸ், இந்த மாயக்காரப் பறவை வசிப்பது ஆப்பிரிக்காவில். மேற்கே செனகல் முதல் கிழக்கே எத்தியோப்பியா வரை, மரங்கள் ஆங்காங்கே நிற்கும் வறண்ட புல்வெளிகளில் இதைப் பார்க்கலாம். பெயர், 'ஸ்டாண்டர்டு விங்டு நைட்ஜார்'. 'ஸ்டாண்டர்டு' என்ற ஆங்கிலச் சொல்லுக்குக் 'கொடி' என்றும் ஒரு பொருள் உண்டு. நம் ஊர்ப் பக்கிக்கு இது சொந்தக்காரப் பறவை.

இதன் உடல் நீளம், 20 செ.மீ.,க்குச் சற்று அதிகம். ஆனால், ஆண் பறவையின் ஒவ்வொரு சிறகிலும் ஓர் இறகு மட்டும், 38 செ.மீ., வரை வளரும். அதில் பாதிக்கு மேல் வெறும் காம்பு தான். நுனியில் மட்டும் அகலமாக இருக்கும். சாதாரணமாகப் பறக்கும்போது, இரண்டும் பின்னால் மிதந்து வரும். பெண் பறவையைக் கவர வேண்டும் என்றால், கொடிபோல் மேலே தூக்கிப் பிடித்து, மெதுவாக வட்டமிடும்.

பகல் முழுவதும் தரையில் அசையாமல் படுத்திருப்பது இதன் வழக்கம். காய்ந்த சருகு போன்ற நிறம் இருப்பதால், பக்கத்தில் போனாலும் கண்ணுக்குத் தெரியாது. அந்தி சாய்ந்ததும் எழுந்து, அகலமான வாயைத் திறந்து, பறக்கும் பூச்சிகளைப் பிடித்துத் தின்னும்.

ஒளிந்து பிழைக்கும் பறவைக்கு, இவ்வளவு பெரிய அலங்காரம் ஆபத்தாயிற்றே என்கிறீர்களா? அதனால் தான், அந்த இறகுகள் ஆண்டு முழுவதும் இருப்பதில்லை. இனப்பெருக்கக் காலத்துக்காக வளரும். அது முடிந்ததும் போய்விடும். பெண் பறவைக்கோ கொடியே கிடையாது. கூடு கட்டாமல், வெறும் தரையில் இரண்டு முட்டைகள் இடும் அதற்கு, மறைந்திருப்பது தானே பாதுகாப்பு!

நம் ஊர்ப் பக்கிக்கும் கொடி இல்லை. ஆனால், இரவில் கிராமத்துச் சாலையில் அது உட்கார்ந்திருப்பது உண்டு. வண்டி விளக்கு பட்டால் கண்கள் மின்னும். அப்படிப் பார்த்தால், 'அப்பா, கொஞ்சம் மெதுவா போங்க' என்று சொல்வீர்கள் தானே!