மாடி டி.வி.யில் படம் நின்று நின்று வருகிறதா? வயரைப் பாருங்கள்!

மோகனூர்க் கடைவீதியில் கீழே கடை, மேலே வீடு என்று வைத்திருப்பவர்கள் நம்மில் பலர். கீழே பில் போடும் கணிப்பொறி, கண்காணிப்புக் கேமராவின் ரெக்கார்டர், மேலே டி.வி. இவை எல்லாம் ஒரே ரூட்டரிலிருந்து பிரிகின்றன. கான்கிரீட் தளத்தையும் இரும்பு அலமாரிகளையும் தாண்டி வைஃபை ஒழுங்காக ஏறுவதில்லை என்பதால் டி.வி.க்கு வயர் இழுத்துவிடுகிறோம். அப்படியும் படம் நின்று நின்று வந்தால், "வேகம் போதவில்லை, பெரிய பிளான் போடுங்கள்" என்பதுதான் முதலில் கிடைக்கும் யோசனை. மாதாமாதம் கூடுதல் பணம் கட்டத் துணிவதற்கு முன் நாம் ஒரு கணக்குப் பார்த்துவிடலாம்.

சாதாரண எச்.டி. படத்துக்கு நொடிக்கு சுமார் 5 மெகாபிட் போதும். மிகத் துல்லியமான 4கே படத்துக்கே 25 மெகாபிட் இருந்தால் தாராளம். ஆக 50 மெகாபிட் இணைப்பு உள்ள வீட்டில் ஒரே ஒரு டி.வி. திணறுகிறது என்றால், சரக்கு குறைவாக வரவில்லை, வழியில் எங்கோ சிந்துகிறது என்று பொருள்.

சிந்துவது வீட்டுக்குள்ளா வெளியிலா என்று அறிய எளிய வழி உண்டு. கணிப்பொறியில் உள்ள ஒரு படத்தை, இணையத்தைத் தொடாமல், வயர் வழியாகவே டி.வி.யில் ஓடவிட்டுப் பாருங்கள். அதுவும் தடுமாறினால் குறை நம் வீட்டு வயரிலோ பெட்டியிலோதான். அது சீராக ஓடி, இணையப் படம் மட்டும் நின்றால் கேபிள்காரரைக் கூப்பிடலாம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். வயரையும் ஸ்விட்ச்சையும் ஒன்றாக மாற்றினால் எது கெட்டது என்பது கடைசிவரை தெரியாது.

வயர் விஷயத்தில் நம் வியாபாரிகளை யாரும் எளிதில் ஏமாற்ற முடியாது, பார்க்கத் தெரிந்தால். 305 மீட்டர் பெட்டி மலிவாகக் கிடைக்கிறது என்றால் தூக்கிப் பாருங்கள். செம்பு பூசிய அலுமினியக் கம்பி எடை குறைவாக இருக்கும். நுனியை வெட்டிச் சுரண்டினால் உள்ளே வெள்ளி நிறம் தெரியும். அசல் செம்பு உள்ளேயும் சிவந்தே இருக்கும். அலுமினியத்துக்கு மின்தடை அதிகம், வளைத்த இடத்தில் முறிவதும் எளிது. நல்ல கேட் 5இ செம்பு வயர் 100 மீட்டர் வரை தாங்கும். நம் கடைக்கும் மாடிக்கும் அதில் கால்வாசி கூட வராது.

அதைவிட அதிகம் ஏமாற்றுவது முனையில் ஜாக் அடிக்கும் வேலை. வயருக்குள் எட்டுக் கம்பிகள் இரண்டிரண்டாக முறுக்கப்பட்டிருக்கும். வெளி இரைச்சல் ஏறாமல் இருப்பதற்கான இந்த முறுக்கு, கிரகாம் பெல் 1881ல் காப்புரிமை பெற்ற பழைய உத்தி. ஜாக்கில் 1, 2 ஒரு ஜோடி; 3, 6 ஒரு ஜோடி. இது தெரியாதவர் ஆரஞ்சு இரண்டு, பச்சை இரண்டு, நீலம் இரண்டு, பழுப்பு இரண்டு என்று வரிசையாக வைத்து இரு முனையிலும் ஒரே மாதிரி அடித்துவிடுவார். டெஸ்டரில் எட்டு விளக்கும் ஒழுங்காக எரியும்! ஆனால் 3ம் 6ம் வெவ்வேறு முறுக்கிலிருந்து வந்திருக்கும். சிறு தூரத்துக்கு ஓடும். தூரம் கூடினால் செய்தி சிதையும், படம் நிற்கும். கம்பி தொடர்ச்சியாக இருக்கிறதா என்பதை மட்டும்தான் அந்தச் சிறு டெஸ்டர் சொல்லும். தராசு நேராக நிற்பதாலேயே படிக்கல் சரி என்றாகிவிடுமா? சரியான வரிசை: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை பழுப்பு, பழுப்பு. ஜாக்கின் கண்ணாடி வழியே நீங்களே படித்துப் பார்க்கலாம்.

அடுத்தது மாடியில் வைக்கும் இரண்டாவது ரூட்டர். அதன் இணைய வாசலில் வயரைச் செருகினால் மாடி தனி வலையாகிவிடும். கீழ்க் கணிப்பொறியில் உள்ள படங்கள் டி.வி.யின் கண்ணுக்குப் படாது. சாதாரண வாசலில் செருகி, முகவரி வழங்கும் வேலையை நிறுத்தாமல் விட்டாலோ, இரண்டு ரூட்டர்களும் போட்டி போட்டு முகவரி கொடுக்கும். மாடியின் முகவரியைப் பெற்றுக்கொண்ட பில் கணிப்பொறி இணையத்துக்கு வழி தெரியாமல் நிற்கும். டி.வி.க்காகச் செய்த வேலை மாலைக் கூட்ட நேரத்தில் கல்லாவை நிறுத்துவது இப்படித்தான். சாதாரண வாசலில் செருகுங்கள், அந்த ரூட்டரின் சொந்த எண்ணை மாற்றுங்கள், 'டி.எச்.சி.பி.' என்ற வசதியை அணைத்துவிடுங்கள்.

ஒரே ஸ்விட்ச்சில் ஒரே வயரின் இரு முனையும் தெரியாமல் செருகப்பட்டாலும் கடை, வீடு இரண்டும் சேர்ந்து முடங்கும். எல்லா விளக்கும் ஒன்றாகப் படபடவென்று மின்னினால் இதைச் சந்தேகியுங்கள்.

இனி மளிகைக்காரர்களுக்கே உரிய தொல்லை, எலி. மூட்டைகளுக்குப் பின்னால் தரையோடு ஓடும் வயரை அது விடாது. பைப்பில் ஏற்றிச் சுவரின் மேல்பக்கமாகக் கொண்டு போங்கள். கரண்ட் வயர் போகும் அதே பைப்பில் மட்டும் நுழைக்க வேண்டாம்; இரைச்சலும் உண்டு, உயிருக்கு ஆபத்தும் உண்டு. கடித்த இடத்தில் முறுக்கி டேப் சுற்றுவதும் கூடாது, முழு வயரையும் மாற்றுங்கள்.

தனிக் கட்டடமாக உள்ள குடோனுக்கு வெட்டவெளியில் செம்பு வயர் இழுத்திருப்பவர்கள் சித்திரை, வைகாசி கோடை மழைக்கு முன் கவனிக்க வேண்டும். பக்கத்தில் இடி விழுந்தாலே அந்த வயர் வழியாக மின்வேகம் ஏறி ரூட்டர், ரெக்கார்டர், டி.வி. மூன்றையும் ஒரே நேரத்தில் கருக்கிவிடும். அந்த ஒரு இடத்தில் மட்டும் ஃபைபர் போடுவது நல்லது. கண்ணாடி இழையில் மின்சாரம் பாயாது. அதற்கு முன்பே மழை வருவதாகத் தெரிந்தால், இடி தொடங்குவதற்கு முன்பே குடோன் வயரை ஸ்விட்ச்சிலிருந்து பிடுங்கி வைத்துவிடுங்கள்; இடி கேட்ட பிறகு அந்த வயரைத் தொட வேண்டாம்.