பள்ளிக்கு வரும் விசாரணையும் பெற்றோரின் இடமும்

சவ்வாது மலையடிவாரத்தில் ரேணுகாம்பாள் கோயிலால் பெயர்பெற்ற படவேட்டிலும், அதற்கு மேலே மலையாளிப் பழங்குடி மக்கள் வாழும் சிற்றூர்களிலும், பெற்றோர் பிழைப்புக்காக வெளியூர் சென்றிருக்கப் பிள்ளைகள் உண்டு உறைவிடப் பள்ளியில் தங்கிப் படிப்பது புதிதல்ல. ஆகையால், ஒரு குழந்தை துன்புறுத்தப்படுவதாகவோ அதற்குத் திருமணம் நிச்சயிக்கப்பட்டிருப்பதாகவோ 1098 என்னும் உதவி எண்ணுக்குத் தகவல் போகும்போது, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகின் பணியாளர் நேரே பள்ளிக்குச் செல்வது இயல்பே.

பள்ளியில் குழந்தையிடம் பேசுமுன் பெற்றோரின் ஒப்புதலைப் பெற வேண்டும் என்ற தனி விதி எதுவும் 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தில் இல்லை. தீங்கு வீட்டுக்குள்ளிருந்தே வரக்கூடும் என்பதால் இது நியாயமானதே. அமெரிக்காவின் ஓரிகான் மாநிலத்தில் 2003இல் ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி பெற்றோர் ஒப்புதலோ நீதிமன்ற ஆணையோ இன்றிப் பள்ளியில் விசாரிக்கப்பட்ட வழக்கு அந்நாட்டு உச்ச நீதிமன்றம் வரை சென்றும், 2011இல் அந்நீதிமன்றம் இத்தகைய விசாரணை செல்லுமா என்ற மூலக் கேள்விக்கு விடை சொல்லாமலே அதை முடித்துவைத்தது.

இந்தியச் சட்டம் பெற்றோருக்குத் தரும் உரிமை வாசலில் தடுக்கும் உரிமையன்று. அடுத்தடுத்த கட்டங்களில் தம் தரப்பைச் சொல்லும் உரிமையாகும். பாதுகாப்புக்காக அழைத்துச் செல்லப்படும் குழந்தை, பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள், தலைவரும் நான்கு உறுப்பினர்களும் கொண்ட குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்தப்பட வேண்டும். குடும்பச் சூழலை ஆராயும் சமூக விசாரணை 15 நாளில் முடிய வேண்டும். குழந்தையைக் காப்பதில் முதற்பொறுப்பு குடும்பத்துக்கே என்பதும், இல்லத்தில் சேர்ப்பது இறுதி வழியே என்பதும், பாதிக்கப்படுவோரின் சொல்லைக் கேட்டே முடிவெடுக்க வேண்டும் என்பதும் இளைஞர் நீதிச் சட்டத்தின் மூன்றாம் பிரிவிலேயே உள்ள கோட்பாடுகள். பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்டத்தின் 26ஆம் பிரிவோ, குழந்தையின் வாக்குமூலம் பெற்றோர் அல்லது குழந்தை நம்பும் வேறொருவர் முன்னிலையில் பதிவாக வேண்டும் என்கிறது. பெற்றோரே குற்றம் சாட்டப்பட்டிருந்தால் அந்த வேறொருவரே துணை. குழந்தைத் திருமணத்தைத் தடுக்கும் நீதிமன்ற ஆணைக்கும் முன்னறிவிப்பு தேவை, அவசரமான இடைக்கால ஆணை மட்டுமே அதற்கு விலக்கு.

இவ்வுரிமைகள் யாவும் செய்தி பெற்றோரைச் சென்றடைந்த பிறகே உயிர்பெறுகின்றன என்பதுதான் மலைப்பகுதியின் சிக்கல். குழந்தைகள் நலக் குழுவின் ஆணையை எதிர்த்துக் குழந்தைகள் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்வதற்கான 30 நாள், ஆணையிட்ட தேதியிலிருந்தே எண்ணப்படுகிறது. வேலைக்குப் போன ஊரில் இருக்கும் தந்தைக்குச் செய்தி எட்டுவதற்குள் அதில் பாதி கழிந்துவிடக்கூடும். தக்க காரணம் காட்டினால் தாமதத்தை நீதிமன்றம் பொறுத்துக்கொள்ளலாம் என்ற விலக்கும், வருமானம் எதுவாயினும் பழங்குடியினருக்கும் பெண்களுக்கும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு கட்டணமின்றி வழக்கறிஞரை அமர்த்தித் தரவேண்டும் என்ற 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஏற்பாடும் இருக்கின்றன. ஆயினும், குழந்தைக்கு ஆபத்து நேராத நிலையில், விசாரணை நடந்த அன்றே இவ்வுரிமைகளைத் தமிழில் எழுதிப் பெற்றோர் கையில் சேர்ப்பதையும், எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு வாய்மொழியாக விளக்குவதையும் பாதுகாப்பு அலகு தன் கடமையாக ஏற்க வேண்டும்.