மெலிந்த உடலில் மறைந்த கொழுப்பு

சங்க மலருக்குக் கட்டுரை வேண்டுமென்று செயலாளர் கேட்டபோது, வேதியியலில் எளிய பொருள் ஒன்றைப் பற்றி எழுதிவிடலாமென்றுதான் எண்ணியிருந்தேன். அந்த வாரமே ஊரிலிருந்து வந்த செய்தி அதை மாற்றிவிட்டது. என் தந்தையாருக்கு மாரடைப்பு. நல்லவேளையாக உயிர் பிழைத்தார். வயது 54; புகை பிடித்தறியாதவர்; ஒல்லியான உடல்வாகு. கேள்விப்பட்ட உறவினரெல்லாம் சொல்லிவைத்தாற்போல் ஒன்றையே கேட்டனர்: "அவருக்கா? அவர் உடம்பில் கொழுப்பு ஏது?"

பதினைந்து நாள் கழித்து அண்ணா தொலைபேசியில் கேட்டார்: "நீ உயிர்வேதியியல் படிக்கிறவன்தானே? இரத்தத்தில் ஏதோ கொழுப்பு ஹார்மோனைப் பார்த்தால், வரப்போகிற மாரடைப்பை முன்னாலேயே சொல்லிவிடலாமாமே. அப்பாவுக்கும் எனக்கும் எடுத்துவிடலாமா?" எனக்கு உடனே விடை சொல்லத் தெரியவில்லை. பாலிகஞ்சிலுள்ள எங்கள் நூலகத்தில் சில மாலைகள் உட்கார்ந்தபின் அவருக்குச் சொன்ன விடையையே இங்கே சற்று விரித்து எழுதுகிறேன்.

கொழுப்பை வெறும் சேமிப்புக் கிடங்கென்றே அறிஞரும் நெடுங்காலம் எண்ணியிருந்தனர். 1994-ல் நியூயார்க் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃபிரீட்மன் குழுவினர், கொழுப்புத் திசுவிலிருந்து இரத்தத்தில் கலக்கும் ஒரு ஹார்மோனின் மரபணுவைக் கண்டனர். மெலிவைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதற்கு லெப்டின் என்று பெயரிட்டனர். "கையிருப்பு போதும், உணவை நிறுத்து" என்று மூளைக்குச் சொல்லும் தூதுவன் அது. கிடங்கென்று நினைத்தது சுரப்பியாகவும் வேலை செய்கிறது என்பது அத்துடன் தெளிவாயிற்று.

அடுத்து வந்தது அடிப்போனெக்டின். இதன் போக்கு விந்தையானது. கொழுப்பணுக்களில் பிறப்பது, ஆயினும் கொழுப்பு மிகுந்தால் இது குறைகிறது! காரணம் இவ்வாறு விளக்கப்படுகிறது. குடலைச் சுற்றி வயிற்றினுள் கொழுப்பு சேரும்போது அணுக்கள் பருத்து, பிராணவாயு போதாமல் திணறுகின்றன. அழிவைத் துப்புரவு செய்யும் வெள்ளணுக்கள் அங்கே வந்து குவிகின்றன. அவையும் கொழுப்பணுக்களும் வெளியிடும் அழற்சிப் பொருள்கள் அடிப்போனெக்டின் உற்பத்தியை அடக்கிவிடுகின்றன. அப்பொருள்களில் ஒன்றான இன்டர்லூக்கின்-6 கல்லீரலைத் தூண்டி, சி-ரியாக்டிவ் புரதத்தைச் சுரக்க வைக்கிறது. இது இரத்தப் பரிசோதனைத் தாள்களில் பலர் பார்த்திருக்கக்கூடிய பெயர். அடிப்போனெக்டின் இருந்தால் இரத்தக் குழாயின் உட்சுவரில் வெள்ளணுக்கள் ஒட்டுவது குறைகிறதென்று ஜப்பானின் ஒசாகா ஆய்வாளர் 1999-ல் காட்டினர். குழாய் அடைப்பின் முதற்படியே அந்த ஒட்டுதல்தான்.

சரி, ஒல்லியானவருக்கு இது எப்படிப் பொருந்தும்? பூனாவைச் சேர்ந்த மருத்துவர் யாஜ்னிக்கும் இலண்டன் மருத்துவர் யட்கினும் தம் நிழற்படத்தையே சேர்த்து 2004-ல் லான்செட் இதழில் ஒரு சிறு குறிப்பு வெளியிட்டனர். உயரத்துக்கேற்ற எடையைக் குறிக்கும் உடல் நிறை எண் இருவருக்கும் 22.3. ஆனால் உடற்கொழுப்போ யட்கினுக்கு நூற்றுக்கு 9.1, யாஜ்னிக்குக்கு 21.2! தராசு இருவரையும் ஒன்றென்றது. உள்ளே இருந்தது வேறு. நாம் இருக்கும் வங்கத்திலேயே ஒரு சான்று உண்டு. பீர்பூம் மாவட்டத்துக் கிராமங்களில் 1,911 பேரைச் சோதித்த ஓர் ஆய்வு 2010-ல் வெளிவந்தது. கல்லீரலில் கொழுப்பேறியிருந்தவர் நூற்றுக்கு 8.7 பேர். அவர்களில் பாதிக்குமேற்பட்டோர் பருத்தவருமல்லர், தொப்பையுள்ளவருமல்லர்.

நம் சென்னையிலும் இப்பொருள் ஆராயப்பட்டது. அடிப்போனெக்டின் குறைந்தவருக்குப் பின்னாளில் நீரிழிவு வரும் வாய்ப்பு மிகுதி என்று சினேகலதா, இராமச்சந்திரன் முதலியோர் 2003-ல் எழுதினர். இதயத்தைப் பற்றிய பெரிய செய்தி மறு ஆண்டில் அமெரிக்காவிலிருந்து வந்தது. நலமாயிருந்த 18,225 ஆண்களின் இரத்தத்தைச் சேமித்து வைத்து ஆறாண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். 266 பேருக்கு மாரடைப்பு வந்தது. அடிப்போனெக்டின் மிக அதிகமாயிருந்த ஐந்தில் ஒரு பங்கினருக்கு, மிகக் குறைந்த பங்கினரைக் காட்டிலும் ஆபத்து பாதிக்கும் கீழே இருந்தது.

இத்துடன் நிறுத்தியிருந்தால், "உடனே எடுத்துவிடுங்கள்" என்று அண்ணாவிடம் சொல்லியிருப்பேன். ஆனால் 2006-ல் பிரிட்டனில் வந்த ஆய்வில் இத்தொடர்பு மிகவும் வலுவிழந்து காணப்பட்டது. வேறொரு வழியிலும் சோதித்தனர். சிலருக்குப் பிறவியிலேயே அடிப்போனெக்டினை மிகுதியாகச் சுரக்கும் மரபணு அமைப்பு உண்டு. அது உண்மையிலேயே இதயத்தைக் காக்குமானால், அவர்களுக்கு மாரடைப்பு குறைவாக வரவேண்டுமன்றோ? 2016-ல் வெளியான ஆய்வில் அப்படித் தெரியவில்லை. சேவல் கூவுகிறது, பொழுது விடிகிறது, கூவியதனாலா விடிந்தது? அடிப்போனெக்டின் குறைவதும் அந்தக் கூவலாகவே இருக்கலாம்.

அப்பாவின் நிலையில் இன்னொரு சிக்கலும் உண்டு. இதயம் ஏற்கெனவே பழுதுற்றவரிடமும் முதியவரிடமும் இதே ஹார்மோன் உயர்ந்திருப்பது பல ஆய்வுகளில் கெட்ட அறிகுறியாகவே தென்பட்டிருக்கிறது. மாரடைப்புக்குப் பின் அவருக்கு இதை அளந்து, எண் உயர்வாக வந்ததென்று நாங்கள் மகிழ்ந்திருந்தால்? பணம் போனது மட்டுமல்ல, மருந்தையே அசட்டை செய்திருப்போம்.

ஆகவே அண்ணாவுக்கு நான் சொன்ன விடை: இந்தப் பரிசோதனை ஆராய்ச்சிக்கூடத்துக்கு உரியது. இரத்த அழுத்தம், சர்க்கரை, கொலஸ்டிரால் ஆகியவற்றைப் பார்த்தபின் மருத்துவருக்கு இது புதிதாகச் சொல்வது மிகச் சொற்பம். ஆனால் இந்த ஹார்மோனைக் குறைக்கும் வயிற்றுக் கொழுப்பைச் செலவில்லாமல் ஓரளவு கணிக்கலாம். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவே, மூச்சை வெளிவிட்ட நிலையில் நாடாவைச் சுற்றவேண்டும். நம் நாட்டு ஆடவர்க்கு 90 செ.மீ., பெண்டிர்க்கு 80 செ.மீ. என்பது எல்லை. பீர்பூம்காரர் பலரை இந்த நாடாவும் கண்டுபிடித்திராது. ஆனாலும் தராசைவிட மேல்.

என் அறையில் என்னையே முதலில் அளந்தேன்: 87. இரண்டாண்டுகளுக்கு முன் இங்கு வந்தபோது தைத்த காற்சட்டை இப்போது ஏறாததன் காரணம் புரிந்தது. சந்தேஷையும் மிஷ்டி தோயையும் குறை சொல்ல மனமில்லை.

பிறகு வீட்டுக்குப் பேசினேன். அம்மா தையல் டேப்பை எடுத்துவந்து அப்பாவை நிற்கவைத்து அளந்தார். 37 அங்குலம், 94 செ.மீ. கையும் காலும் குச்சிபோல் இருக்க, வயிறு மட்டும் மெல்ல மெல்ல வளர்ந்திருக்கிறது. எங்களில் ஒருவரும் கவனிக்கவில்லை. காற்சட்டை போடுகிறவராயிருந்தால் இறுகிக் காட்டிக்கொடுத்திருக்கும். அவர் வாழ்நாளெல்லாம் வேட்டி கட்டுகிறவர். வேட்டிக்கு ஏது அளவு?

அண்ணாவையும் அளந்து சொல்லச் சொன்னேன். அவர் எண்ணை இன்னும் சொல்லவில்லை.