சிவப்புக் கொடி ஏற்றாத கப்பல்

யுத்தகாலத்தில் எதிரியின் குண்டுவீச்சுக்கும் நீர்மூழ்கிகளின் தாக்குதலுக்கும் இரையான சரக்குக் கப்பல்கள் ஏராளம். ஆனால், எதிரியின் கை படாமலேயே, தான் தரித்து நின்ற துறைமுகத்தையே அழித்த ஒரு கப்பலின் வரலாறு இன்றும் நாம் படிப்பினை பெறவேண்டியதொன்றாக இருக்கின்றது. 'போர்ட் ஸ்டிக்கீன்' என்பது அக்கப்பலின் பெயராகும்.

இரண்டாம் உலக மகா யுத்தத்தில் ஜேர்மனிய நீர்மூழ்கிகள் மூழ்கடித்த கப்பல்களுக்கு ஈடாகக் கனடாவில் அவசர அவசரமாகக் கட்டப்பட்ட சரக்குக் கப்பல்களுள் இதுவும் ஒன்று. 1942 ஆம் ஆண்டு கட்டப்பட்ட இக்கப்பல், 1944 பெப்ரவரி 24 ஆம் திகதி இங்கிலாந்தின் பேர்க்கன்ஹெட் துறைமுகத்திலிருந்து புறப்பட்டது. சுமார் 1400 தொன் வெடிபொருட்களும் போர் விமானங்களும் 124 தங்கக் கட்டிகளும் அதில் இருந்தன. கராச்சியில் விமானங்கள் இறக்கப்பட்டு, வெறுமையான இடத்தில் 8700 பொதி பருத்தியும் எண்ணெய்ப் பீப்பாய்களும் கந்தகமும் ஏற்றப்பட்டன. பருத்தி கீழ்த்தளத்திலும் வெடிபொருட்கள் அதன் மேற்தளத்திலுமாக வைக்கப்பட்டமையே பின்னர் நேர்ந்த அனர்த்தத்தின் வித்து எனலாம்.

ஏப்ரல் 12 ஆம் திகதி கப்பல் பம்பாயின் விக்டோரியா துறையை அடைந்தது. வெடிபொருள் ஏற்றிய கப்பல்கள் சிவப்புக் கொடி பறக்கவிட வேண்டுமென்பது விதி. இக்கப்பலில் அக்கொடி ஏற்றப்படவில்லை. இரண்டு நாட்கள் கடந்தும் வெடிபொருட்கள் முழுமையாக இறக்கப்படவுமில்லை.

14 ஆம் திகதி பிற்பகலில் பருத்திப் பொதிகளில் தீ மூண்டது. தீயணைப்புப் படையினர் தொள்ளாயிரம் தொன் வரையிலான நீரைக் கப்பலினுள் பாய்ச்சினர். அந்நீரிலேயே எரியும் பொதிகள் மிதந்தெழுந்து வெடிபொருட்களை நெருங்கின. கப்பலை அங்கேயே மூழ்கடிப்பதா, வெளியே இழுத்துச் செல்வதா என்று உறுதியான முடிவெடுக்க எவரும் முன்வரவில்லை. எச்சரிக்கைக் கொடி இல்லாமையால் அருகே நின்ற கப்பல்களும் அவ்விடத்தைவிட்டு அகலவில்லை. மாலை 4.06 மணிக்கும் 4.34 மணிக்கும் இரு பெருவெடிப்புகள் நிகழ்ந்தன. சுமார் 1400 கிலோமீற்றர் தொலைவிலுள்ள சிம்லாவின் நிலநடுக்கப் பதிவுகருவியிலும் அவ்வதிர்வு பதிவானது.

அருகே நின்ற பல கப்பல்கள் நாசமாகின. சுமார் எண்பதாயிரம் பேர் வீடிழந்தனர். அறுபத்தாறு தீயணைப்பு வீரர்கள் கடமையிலேயே உயிர்நீத்தனர். ஆயினும், தணிக்கை காரணமாக இந்தியப் பத்திரிகைகள் மௌனம் காத்தன. யப்பானியர் வசமிருந்த சைகோன் வானொலியே இச்செய்தியை முதலில் உலகுக்கு அறிவித்தது என்பது குறிப்பிடத்தக்கது.

கப்பலில் இருந்த தங்கக் கட்டிகள் எத்தனையென்பது திட்டவட்டமாகத் தெரிந்திருந்தது. வெடிப்பில் சிதறிய அவை பல வருடங்களின் பின்னரும் துறைமுகச் சேற்றிலிருந்து மீட்கப்பட்டு உரியவர்களிடம் சேர்ந்தன. மாண்ட மனிதர்களின் தொகையோ எண்ணூறு முதல் ஆயிரத்து முந்நூறு வரையென இன்றும் மதிப்பீடாகவே இருக்கின்றது. அன்றாடக் கூலிக்கு மூட்டை சுமந்தவர்களுக்குப் பெயர்ப்பதிவேடு எங்கே இருந்தது?

இது பழங்கதையன்று. 2020 ஆம் ஆண்டு பெய்ரூத் துறைமுகத்தில் வருடக்கணக்காகக் கிடந்த 2750 தொன் அமோனியம் நைத்திரேற்று வெடித்து இருநூறுக்கும் அதிகமானோரைப் பலிகொண்டது. அதன் ஆபத்தைப் பற்றி அதிகாரிகள் முன்கூட்டியே எச்சரிக்கப்பட்டிருந்தனர். 2021 மே மாதம் கொழும்புக்கு அப்பால் தீப்பற்றிய 'எக்ஸ்-பிரஸ் பேர்ள்' கப்பலில், நைத்திரிக் அமிலம் கசிவது அது எமது கடற்பரப்பை அடைவதற்கு முன்னரே தெரிந்திருந்தது. அதன் சுமையைத் தாங்கியவர்கள், நீர்கொழும்பு முதலான கரையோரங்களில் வாழும் எமது மீனவக் குடும்பங்களே.

யுத்தம் அவசரத்தையும் இரகசியத்தையும் நியாயமாக்கியது என்று அன்று கூறப்பட்டிருக்கலாம். சமாதான காலத்தில் அந்தச் சாட்டு எவருக்கும் கிடையாது. ஆபத்தை அறிந்தவர் அதனை அறிவிப்பதும், அறிவிக்கப்பட்டவர் உடன் முடிவெடுப்பதும் துறைமுகத் தொழிலாளியின் உயிருக்கும் கரையோர மக்களின் வாழ்வுக்கும் செலுத்தவேண்டிய குறைந்தபட்ச மரியாதையாகும். சிவப்புக் கொடியை ஏற்றுவதற்குச் செலவேதும் இல்லை. அதனை ஏற்றாமைக்கு ஒரு நகரம் செலுத்திய விலையை நாம் மறந்துவிடலாகாது.